விரலை இழுக்காதே

எடில்சா உடம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நூரிஸ் சுரைக்குடுக்கையில் மொண்டு அம்மாவின் முதுகில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சை இலை போட்டுக் காய்ச்சிய வெதுவெதுப்பான தண்ணீர். முதுகு ஒடுங்கிப் போயிருந்தது. கால்கள் மட்டும் வேறு யாருடையவோ போல வீங்கிப் பளபளத்தன. கட்டிலுக்கு அடியில் வாளி, ஸ்டூலின் மேல் சோப்பு, பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளை உடுப்பு. அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது.

“நூரி... தண்ணி.”

எடில்சாவின் பிடி நழுவியது. அம்மா உபல்தினாவின் தலை நூரிஸின் மார்பில் வந்து சாய்ந்தது. எடில்சா சுவரோடு ஒட்டிக்கொண்டு மூன்று முறை சிலுவை போட்டாள். பிணத்தின் வாயையே பார்த்தாள். வாயோ, தாடையோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

“உசிரு இருக்குடி! பேசுறாங்கடி நூரி!”

“பேசினது அந்தா உக்காந்திருக்கு, பாரு,” என்றாள் நூரிஸ். தலையைத் தூக்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் அம்மாவின் கிளி பஸ்தோரா உட்கார்ந்திருந்தது. பச்சை உடம்பு, நெற்றியில் மஞ்சள், வயது முப்பத்திரண்டு. காலையிலிருந்து அந்தக் கம்பியை விட்டு இறங்கவில்லை. விரட்டப் போன எடில்சாவின் புறங்கையில் ஏற்கெனவே ஒரு பிடுங்கு பிடுங்கியிருந்தது. இறந்த வீடு என்றால் ஊரில் முதல் ஆளாக வந்து நிற்பவள் எடில்சா. எத்தனையோ உடல்களைக் குளிப்பாட்டிய கை அது. ஒரு கிளிக்குப் பயந்து அந்தக் கை நடுங்குவதை அன்றுதான் நூரிஸ் பார்த்தாள்.

“இந்தச் சனியனை முதல்ல வெளிய கொண்டுபோய் விடு. குலை நடுங்கிப் போச்சு எனக்கு.”

“யாரு கிட்டப் போறது? நீ போறியா?”

எடில்சா போகவில்லை. மறுபடி வந்து தோளைத் தாங்கினாள். நூரிஸ் இன்னொரு குடுக்கை மொண்டு விட்டாள்.

“உசிரு போறப்ப பக்கத்துல யாருடி இருந்தா?”

“பஸ்தோரா இருந்துச்சு.”

“நீ?”

“பின்னால மீன் கீறிட்டு இருந்தேன்.”

எடில்சா உச்சுக் கொட்டினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூரிஸ் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது.

அவள் சொல்லாமல் விட்டது இதுதான்.

ஏழு மாதமாக உபல்தினாவுக்கு இருதயம் பலவீனம். காலில் நீர் இறங்கிவிட்டது. தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு தம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சினு ஆற்றங்கரையில், பங்குனி வெயிலுக்கு நிகரான வெயில் வருடம் பூராவும் அடிக்கிற ஊரில், நாலு தம்ளர். உபல்தினா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். “நூரி... தண்ணி.” பெயரை இழுத்துச் சொல்லி, நடுவில் மூச்சு வாங்கி, தண்ணியைத் தாழ்த்திச் சொல்வாள். ஒரு மாதத்தில் பஸ்தோரா அதைப் பிடித்துக்கொண்டது. இழுப்பு, மூச்சு, தாழ்த்தல் எல்லாம் அச்சு அசலாக.

ஆரம்பத்தில் நூரிஸ் ஒவ்வொரு தடவையும் ஓடினாள். துவைக்கிற துணியைப் போட்டுவிட்டு, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். போய் நின்றால் அம்மா கம்பியைக் காட்டுவாள். “நான் கூப்பிடலடி. அவதான்.” சிரிப்பாள். நூரிஸுக்குச் சிரிப்பு வராது. அறுபது அடி ஓடி வந்து, அறுபது அடி திரும்பிப் போக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால் பின்கட்டிலிருந்தே கத்த ஆரம்பித்தாள். “வாய மூடு, பொய்க்காரி!” என்று கத்தினால் குரல் அடங்கிவிடும். அடங்கினால் அது கிளி. அம்மா என்றால் மறுபடி கூப்பிடுவாள். அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அன்று காலை ஒன்பதரை மணி இருக்கும். ஆறு பொக்காச்சிக்கோ மீன் வந்திருந்தது. அந்த மீனில் ருசி எவ்வளவோ அவ்வளவு முள். செதிலை உரசிவிட்டு, இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாகக் கீற வேண்டும். நெருக்கமாகக் கீறினால்தான் பொரிக்கும்போது முள் மொறுமொறுப்பாகிப் பல்லில் அகப்படாது. கத்தி முள்ளில் படும்போது கிர்க் கிர்க் கிர்க் என்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது மீனைக் கீறிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது.

“நூரி... தண்ணி.”

கை முழுக்கக் கொழகொழவென்று மீன். “வாய மூடு, பொய்க்காரி!” என்றாள்.

குரல் அடங்கவில்லை. இன்னொரு தடவை வந்தது. அப்புறம் மூன்றாவது தடவை, கொஞ்சம் மெதுவாக. நூரிஸ் அப்போது ஐந்தாவது மீனில் இருந்தாள். ஆறாவதையும் கீறி, உப்பும் எலுமிச்சையும் தடவி, கையைக் கழுவி, நாற்றம் போக எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணும்தான். ஸ்டூலின் மேல் தகரக் கோப்பை காலியாக இருந்தது. பஸ்தோரா கம்பியில் உட்கார்ந்து, ஒரு கண்ணால் கட்டிலையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று தடவை கூப்பிட்டது யார்?

அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டாள்.

*

அண்ணன் எவெலியோ மறுநாள் காலை, எல்லைக்கு அந்தப் பக்கம் மரகாய்போவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். எண்ணெய்க் கம்பெனியில் பற்றவைப்பு வேலை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வருவான், வந்தால் நாலு நாள் இருப்பான். அந்த நாலு நாளுக்கும் உபல்தினா தரையில் கால் பாவாமல் திரிவாள். மிச்ச நாளெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நூரிஸ். இதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவன் வந்ததும் சவப்பெட்டியின் மேல் விழுந்து குழந்தை மாதிரி அழுதான். வந்திருந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நூரிஸ் கெண்டியோடு நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“கடைசியில ஏதாவது கேட்டாங்களா, நூரி?”

“ஒண்ணும் கேக்கல அண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

“கஷ்டப்படலையே?”

“இல்ல.”

அவன் தலையை ஆட்டினான். நம்பிவிட்டான். மரகாய்போவில் இருக்கிறவனுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வழி? நூரிஸ் அடுத்த கோப்பைக்குக் காப்பி ஊற்றினாள். அப்போது உள்ளே, அம்மாவின் அறையிலிருந்து குரல் வந்தது.

“நூரி... தண்ணி.”

எவெலியோ விறைத்துப்போனான். சுற்றி இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், “கிளி தம்பி, கிளி,” என்றார்.

“பஸ்தோராவா?” அவன் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. “அவளுக்கு நான்னா உசிரு. தெரியும்ல? சின்னப் பிள்ளையில என் தோள்லயேதான் கிடக்கும்.” சொல்லிக்கொண்டே உள்ளே போனான். போன வேகத்தில் ஒரு அலறல் கேட்டது. வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் ரத்தம். கட்டைவிரலில் தோல் கிழிந்து தொங்கியது. சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். எடில்சா தன் புறங்கையில் போட்ட துணிக்கட்டைக் காட்டி, “வா, என் கட்சிக்கு வந்துட்ட,” என்றாள்.

கடைசியில் ஒரு சாக்கைப் போட்டு மூடிப் பிடித்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொய்யா மரத்துக் கிளையில் விட்டார்கள். சிறகு கத்தரித்த பறவை, எங்கே போகும்? இலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

பத்து மணிக்கு அடக்கம். அந்த வெயிலில் அதற்கு மேல் வைக்க முடியாது.

*

பஸ்தோராவை நூரிஸ் கையால் தொட்டு முப்பது வருடம் ஆகிறது. அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மா சொன்னாள், “கைய நீட்டு. கடிக்காது. நான் சொல்றேன்ல?” உபல்தினா வேகவைத்த மரவள்ளித் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பாள். கிளி அவள் உதட்டில் பட்டும் படாமல் அதை எடுத்துக்கொள்ளும். அந்த அம்மா சொன்னதை நம்பி நூரிஸ் ஆள்காட்டி விரலை நீட்டினாள். கிளி குனிந்து அலகைத் திறந்தது. அவள் வெடுக்கென்று இழுத்தாள். அது கடித்துவிட்டது. எலும்பு தெரிந்தது. நகம் போய், புதிதாக வந்த நகம் கோணலாகத்தான் வந்தது.

“நீ இழுத்ததாலதான்டி கடிச்சுது,” என்றாள் அம்மா, ரத்தத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டே. “அது கடிக்க வரல. கால் வைக்கிறதுக்கு முன்னால கிளை உறுதியா இருக்கான்னு வாயால பிடிச்சுப் பாக்கும். நீ இழுத்தா கிளை ஓடுதுன்னு அதுக்குப் பயம். பயந்தா கடிக்கும். விரல இழுக்காத. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். அன்று முழுக்க நூரிஸ் அம்மாவிடம் பேசவில்லை. அவளுக்கு வலித்தது விரல் மட்டும் இல்லை. கடிக்காது என்று சொன்னாளே, அதுதான் வலித்தது.

*

அடக்கம் முடிந்த அன்று பிற்பகலே ஒன்பது நாள் செபம் தொடங்கியது. செபம் சொல்ல வந்தவள் பெத்ரோனா. ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் அவள்தான் பீடம் கட்டுவாள், அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி, அதன் நடுவில் கறுப்புப் பட்டை, கீழே மேசையில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி. எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதன் மேல் மிதக்கும் ஒரு சுருள் பஞ்சு.

“ஒன்பது நாளும் ஆத்துமா வீட்டுலயேதான் இருக்கும்,” என்றாள் பெத்ரோனா, வந்திருந்த சின்னப் பெண்களுக்காக. “தாகம் எடுக்கும். வந்து இந்தப் பஞ்சை உறிஞ்சிக் குடிக்கும். வேற யாரும் இதத் தொடக்கூடாது. தண்ணி குறைஞ்சா ஊத்தலாம். ஊத்துறது வீட்டு மகதான்.”

எல்லோரும் நூரிஸைப் பார்த்தார்கள். அவள் தம்ளரைப் பார்த்தாள். இனி நாலு தம்ளர் கணக்கு இல்லை.

மன்றாட்டு மாலை நடந்தது. பெத்ரோனா ஒவ்வொரு புனிதர் பெயராகச் சொல்ல, பெண்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள். மூன்றாவது வரிக்கு, பின்கட்டிலிருந்து, எல்லோருக்கும் ஒரு மூச்சு பிந்தி உபல்தினாவின் குரலும் சொன்னது, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” முப்பது வருடமாக அம்மாவோடு சேர்ந்து செபமாலை கேட்ட கிளிக்கு அதெல்லாம் மனப்பாடம். சிலர் அழுதார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெத்ரோனாவுக்குத்தான் முகம் சிவந்தது. தான் சொல்லும் செபத்துக்கு ஒரு மிருகம் பதில் சொல்வதாவது! குரலை உயர்த்தினாள். கிளியும் உயர்த்தியது.

முடிகிற நேரத்தில், எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில், அது சொன்னது.

“நூரி... தண்ணி.”

யாரும் சிரிக்கவில்லை. பெத்ரோனா செபமாலையை மடியில் வைத்தாள். “பறவைக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? ஆத்துமா தாகமா இருக்கு. அதான் சொல்லுது.” நூரிஸின் பக்கம் திரும்பினாள். “உங்கம்மா ரொம்பத் தாகத்தோட போயிருக்காம்மா.”

எவெலியோ தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். நூரிஸ் எழுந்து போய்க் கெண்டியை எடுத்துவந்து தம்ளரை விளிம்பு வரை நிரப்பினாள். கொஞ்சம் துணியில் சிந்தியது.

மறுநாள் காலை தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். இந்த வெயிலில் எந்தத் தம்ளரில் வைத்தாலும் ஒரு விரல் குறையத்தான் செய்யும் என்று நூரிஸுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு விரலைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள். அம்மாவின் அறைக்குள் மட்டும் போகவில்லை. அந்த ஸ்டூலின் மேல் தகரக் கோப்பை இன்னும் அப்படியேதான் இருந்தது. அதை எடுத்துக் கழுவி வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

கொய்யா மரத்தில் பஸ்தோரா எதுவும் தின்னவில்லை. காப்பியில் நனைத்த ரொட்டி வைத்தாள், எறும்பு தின்றது. மரவள்ளி வைத்தாள், காய்ந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு இலை விழுந்து அப்படியே மிதந்தது. இரண்டு நாளில் கிளியின் மார்பெலும்பு தூக்கிக்கொண்டுவிட்டது. இறகெல்லாம் சிலிர்த்து, கண்ணை மூடி மூடித் திறந்தது. ஆனால் கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

“யாராவது கையில எடுத்து ஊட்டினாத்தான் தின்னும்,” என்றான் எவெலியோ, கட்டுப்போட்ட கட்டைவிரலைத் தடவிக்கொண்டு. “அம்மா ஊட்டியே பழகிருச்சு. நம்ம யாரு கிட்டப் போறது? படகுக்காரர் கேட்டாரு. அவருக்குப் பறவை பழக்கம் உண்டாம். நாளைக்குக் கொடுத்துரலாமா?”

“பாக்கலாம் அண்ணே.”

“நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு தெரியல.”

தாங்காவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம் நூரிஸுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவளாகக் கொல்லப் போவதில்லை. சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதோடு அந்தக் குரல் நின்றுவிடும். நாற்பத்தோரு வயதில், மிச்சக் காலத்தை இந்த வீட்டில் அந்தக் குரலோடு அவளால் கழிக்க முடியாது. கிளிகள் அறுபது எழுபது வருடம் இருக்குமாம். தன்னையும் புதைத்துவிட்டுத்தான் அது ஓயும்.

ஆனால் அது நின்றுபோனால், அம்மாவின் குரல் இந்த உலகத்தில் எங்கேயும் இருக்காது. இதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

*

செபத்தின் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ஊரே படுத்துக் கிடந்தது. பின்கட்டு ஓரத்தில் எவெலியோ ஆள் படுக்கிற துணித் தூளியில் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். தூளிக் கயிறு உத்தரத்தில் உரசி க்ரீச் க்ரீச் என்று சீராகச் சத்தம் போட்டது. மாலை செபத்துக்கு வருகிறவர்களுக்காக நூரிஸ் மீன் கீற உட்கார்ந்தாள். அம்மா போனதற்கு அப்புறம் அன்றுதான் அந்தக் கத்தியை எடுத்தாள்.

கிர்க் கிர்க் கிர்க்.

கொய்யா மரத்தில் இலை அசைந்தது.

“நூரி... தண்ணி.”

இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. கூப்பிடுவது கிளிதான். அறையில் யாரும் இல்லை. நூரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கீறினாள். கிர்க் கிர்க்.

“நூரி... தண்ணி.”

அவள் வாயைத் திறக்கவில்லை. பஸ்தோரா தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்த அதே நொடியில், வரவேண்டியது வராமல் போன எரிச்சலில், கிளி அதைத் தானே சொல்லிக்கொண்டது. நூரிஸின் குரலில். தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி, சுவர்களைத் தாண்டி வருகிற மாதிரி.

“வாய மூடு, பொய்க்காரி!”

தன் குரல் இத்தனை கொடூரமாக இருக்கும் என்று நூரிஸுக்கு அதுவரை தெரியாது. கத்தி நின்றது.

கிளி நிறுத்தவில்லை. அடுத்து ஒரு சின்ன இருமல் வந்தது. அம்மாவின் இருமல். பிறகு மூக்கால் விடும் அவள் சிரிப்பு. அதற்கப்புறம், மிகத் தணிந்த குரலில், கட்டிலுக்கும் கம்பிக்கும் நடுவே மட்டும் கேட்கக்கூடிய குரலில்:

“கேட்டியாடி? உன்னத்தான் திட்டுறா. பாவம், களைச்சுப் போயிருக்கா. விடு, சும்மா இருப்போம்.”

பிறகு டக் என்று ஒரு சத்தம். காலிக் கோப்பையை மர ஸ்டூலில் வைக்கும் சத்தம்.

தூளியின் சத்தம் நின்றுபோயிருந்தது.

நூரிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளில் கிளி இதையெல்லாம் கற்றுக்கொள்ளாது. இருமல், சிரிப்பு, சொல், கோப்பை என்று வரிசை மாறாமல் சொல்ல வேண்டுமானால் எத்தனை நாள் கேட்டிருக்க வேண்டும்? எத்தனை காலை? அன்று ஒரு நாள் மட்டும்தான் தவறிவிட்டது என்று மூன்று நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாளே. இல்லை. அடங்கினால் கிளி என்று அவள் வைத்திருந்த கணக்கே தப்பு. அடங்கியதெல்லாம் அம்மா. களைத்துப்போன மகளை எழுப்பி ஓடவைக்க வேண்டாம் என்று தன் தாகத்தோடு அடங்கியிருக்கிறாள். “நான் கூப்பிடலடி, அவதான்” என்று சிரித்ததில் எத்தனை தடவை கூப்பிட்டது அவள்தானோ. பழியைச் சுமந்தது அந்தக் கிளி.

அழுகை வரவில்லை. தொப்பிக்கு அடியில் அண்ணன் விழித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் எழுந்து கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அவன் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கால் தரையில் ஊன்றித் தள்ளியது. க்ரீச். க்ரீச். தூளி மறுபடி ஆடத் தொடங்கியது.

நூரிஸ் எழுந்தாள். கையைக் கழுவினாள். எலுமிச்சைத் தோலை எடுக்காமல் கூடத்துக்குப் போனாள். பீடத்திலிருந்த தம்ளரை எடுத்தாள். தொடக்கூடாது என்று சொன்னது நினைவில் இருந்தது. பஞ்சு மிதக்க மிதக்க அதை ஏந்திக்கொண்டு கொய்யா மரத்தடிக்கு வந்தாள்.

பஸ்தோரா அவளைப் பார்த்தது. கழுத்து இறகு சிலிர்த்தது. கண்மணி சுருங்கி விரிந்தது. அது கோபம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நூரிஸ் வலது கை ஆள்காட்டி விரலை, கோணல் நகத்தோடு, கிளையை ஒட்டி நீட்டினாள். விரல் அசையாதபடி மரத்தில் முழங்கையை முட்டுக்கொடுத்தாள். கிளி குனிந்தது. அலகு திறந்தது. உள்ளே கறுத்த, காய்ந்துபோன நாக்கு தெரிந்தது.

அலகு விரலைக் கவ்வியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது வருடத்துக்கு முந்தைய வலி அப்படியே மேலேறி வந்தது. கடித்தால் கடிக்கட்டும். கடிக்கிற நியாயம் அதற்கு உண்டு. அலகு அழுத்தியது. எலும்பு வரை தெரிகிற அழுத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தியது. விரல் அங்கேயே இருந்தது.

பிறகு அழுத்தம் நின்றது. ஒரு குளிர்ந்த பாதம் விரல்மேல் ஏறியது. அடுத்து இன்னொன்று. எடையே இல்லை, ஒரு கைப்பிடிப் பஞ்சு மாதிரி இருந்தது. நூரிஸ் தம்ளரைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பஸ்தோரா பஞ்சை ஒதுக்கிவிட்டு அலகை முக்கி, தலையைத் தூக்கி, விழுங்கியது. மறுபடி முக்கியது. தம்ளர் பாதியாகும் வரை குடித்தது.

“குடி,” என்றாள் நூரிஸ். “குடி. இன்னும் இருக்கு.”

*

ஐந்து மணிக்குப் பெத்ரோனா வந்தாள். பீடத்தின் முன்னால் முழங்காலிடப் போனவள் அப்படியே நின்றாள். காலையில் விளிம்பு வரை இருந்த தண்ணீர் பாதிகூட இல்லை.

“ஆண்டவரே! பாருங்கடி இங்க. நாப்பது வருசமா செபம் சொல்றேன், இப்படி நான் கண்டதில்ல. எவ்வளவு தாகம்! எவ்வளவு தாகம் இருந்திருக்கு அந்த மனுசிக்கு!”

பெண்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். எடில்சா குனிந்து பார்த்தாள். ஈரப் பஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை இறகுத் தூவி ஒட்டியிருந்தது. எடில்சா அதைப் பார்த்தாள், நூரிஸைப் பார்த்தாள். தன் புறங்கைத் துணிக்கட்டைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எவெலியோ சுவரோரத்திலிருந்து எழுந்தான். கண் சிவந்திருந்தது. “நான் ஊத்துறேன் நூரி. நீ உக்காரு.”

“இல்ல அண்ணே,” என்றாள் அவள். “எங்கிட்டதான கேட்டாங்க.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு விலகி வழிவிட்டான்.

நூரிஸ் கெண்டியைச் சாய்த்தாள். தண்ணீர் மெல்ல உயர்ந்து விளிம்பைத் தொட்டது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கெண்டியின் பிடியில் மடங்கியிருந்த ஆள்காட்டி விரலில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பள்ளங்கள் பதிந்திருந்தன. தோல் கிழியவில்லை.